வெயிலுக்கு ஒரு மதியம், காற்றுக்கு ஒரு நாள்

பெற்றோரை அழைத்துக்கொண்டு கிரீஸ் செல்லவிருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள மகன்களே, மகள்களே,

முதல் சம்பளம் வாங்கிய நாளிலிருந்தே, அம்மா அப்பாவை ஒருமுறையாவது தூரதேசம் கூட்டிப்போக வேண்டும் என்று மனத்துக்குள் ஒரு கணக்கு வைத்திருப்பீர்கள். பிள்ளைகளின் படிப்பு, வீட்டுக் கடன் எல்லாம் தாண்டி இந்த ஆண்டுதான் அது கூடி வந்திருக்கும். வெள்ளைச் சுவரும் நீலக் கடலும் உள்ள படங்களைப் பார்த்து கிரீஸைத் தேர்ந்தெடுத்திருப்பீர்கள். நல்ல தேர்வு. புறப்படும் முன் இந்த மடலை ஒருமுறை படித்துவிடுங்கள்.

நானும் அப்படித்தான் போனேன். அப்பாவுக்கு 74 வயது, அம்மாவுக்கு 68. ஜூலைக் கடைசி. ஒன்பது நாளில் ஏதென்ஸும் மூன்று தீவுகளும் என்று திட்டம். ஒன்பதாம் நாள் காலை நக்ஸோஸ் தீவிலிருந்து கப்பல். அன்று இரவே ஏதென்ஸிலிருந்து விமானம். காலையில் துறைமுகத்துக்குப் போனால் கப்பல் வரவில்லை. மேகமே இல்லாத வானம். காற்று மட்டும் ஆளை நிற்கவிடாமல் அடித்தது. இரண்டு நாள் எந்தக் கப்பலும் நகரவில்லை. விமானம் போயிற்று, அந்தப் பணமும் போயிற்று. அதைவிடப் பெரிய தவறு அன்று மாலைதான் தெரிந்தது. அம்மாவின் ரத்த அழுத்த மாத்திரையை நாளுக்கு ஒன்றாக எண்ணி ஒன்பதுதான் எடுத்து வந்திருந்தேன். பச்சைச் சிலுவை விளக்கு எரிந்த ஒரு மருந்துக் கடையில், காலி அட்டையின் பின்பக்கத்தைப் படித்துப் பார்த்து, அதே மருந்துள்ள வேறு மாத்திரையை அந்தக் கடைக்காரப் பெண்மணி தேடித் தந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அந்த இரண்டு நாளில் நான் கற்றது இதுதான். கிரீஸில் உங்கள் பயணத்திட்டத்தில் பாதியைத்தான் நீங்கள் எழுத முடியும். மீதிப் பாதியை வெயிலும் வடகாற்றும் எழுதும். அவை இரண்டுக்கும் இடம் விட்டுத் திட்டம் போட்டால் பெற்றோர் மகிழ்ச்சியாகத் திரும்புவார்கள்.

முதலில் மாதம். ஏப்ரல் நடுவிலிருந்து மே முடிய, செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் முடிய: இந்த இரண்டு பருவங்கள்தான் பெரியவர்களுக்கு ஏற்றவை. நம் ஊர்ப் பள்ளிகளுக்கு மே மாதம் விடுமுறை என்பதால், பேரப்பிள்ளைகளையும் சேர்த்து அழைத்துப் போக மே பொருந்தி வரும். கடல் அப்போது கொஞ்சம் குளிரும். நடப்பதற்குக் காற்று இதமாக இருக்கும். ஜூலை, ஆகஸ்ட் வேண்டாம். ஏதென்ஸில் 40 டிகிரியைத் தொடும் நாட்கள் அப்போதுதான் வரும். ஆகஸ்ட் 15 மாதாவின் பெருவிழா. அதை ஒட்டி நாடே ஊருக்கும் தீவுக்கும் கிளம்பும், கப்பலில் இடம் கிடைக்காது.

'சென்னை வெயிலில் வளர்ந்தவர்கள், இது என்ன பெரிய வெயில்' என்று நினைக்காதீர்கள். நான் அப்படி நினைத்தேன். நம் ஊரில் அப்பா மதியம் 12 மணிக்கு வெட்டவெளியில் மலை ஏறுவதில்லை. வீட்டுக்குள் மின்விசிறிக்குக் கீழே இருப்பார். அங்கே சுற்றுலா என்ற பெயரில் அந்த நேரத்தில்தான் ஏற்றுகிறோம். ஈரப்பதம் குறைவு என்பதால் வியர்வை உடனே காய்ந்துவிடும். உடம்பிலிருந்து நீர் போவதே தெரியாது. 2024 ஜூனில் சிமி தீவில், மருத்துவம் படித்தவரான பிரிட்டிஷ் தொலைக்காட்சியாளர் மைக்கேல் மோஸ்லி, 67 வயதில், கொளுத்தும் வெயிலில் ஒரு கடற்கரையிலிருந்து தனியாக நடந்து போனவர் உயிரோடு திரும்பவில்லை. உடம்பைப் பற்றி ஊருக்கே எடுத்துச் சொன்ன ஒருவருக்கு இப்படி நேர்ந்தது என்பதை மனத்தில் வையுங்கள்.

அதனால் கிரேக்கர்கள் செய்வதையே நீங்களும் செய்யுங்கள். மதியத்தை அவர்கள் 'மெசிமேரி' என்பார்கள். கோடையில் சுமார் 3 மணியிலிருந்து 5.30 வரை சத்தம் போடக்கூடாத நேரம் என்று விதியே உண்டு. சிறிய கடைகள் பல மூடிவிடும். காலை 8 மணிக்குக் கிளம்புங்கள், 11 மணிக்குள் வெளிவேலையை முடியுங்கள், சாப்பிட்டுவிட்டுப் படுத்துத் தூங்குங்கள், 6 மணிக்கு மேல் மறுபடி இறங்குங்கள். ஊர் அப்போதுதான் விழித்துக்கொள்ளும். இரவு 10 மணிக்கும் சதுக்கங்களில் பாட்டிகள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள், பக்கத்தில் பேரக்குழந்தைகள் பந்து விளையாடுவார்கள். என் அம்மாவுக்கு அந்த நாட்டில் மிகவும் பிடித்த காட்சி அதுதான்.

அக்ரோபோலிஸ் குன்றை இந்தக் கணக்கில்தான் பார்க்க வேண்டும். நாளுக்கு 20,000 பேர் என்ற வரம்பும், மணிக்கணக்கில் பிரித்த நுழைவுச் சீட்டும் 2023 செப்டம்பரில் வந்தன. 2025 ஏப்ரல் முதல் ஆளுக்கு 30 யூரோ. கிரேக்கப் பண்பாட்டு அமைச்சகத்தின் அதிகாரபூர்வத் தளத்திலேயே காலை 8 மணிச் சீட்டை முன்பதிவு செய்யுங்கள். மதியச் சீட்டு வாங்கினால் இன்னொரு சிக்கலும் உண்டு. 2023, 2024, 2025 மூன்று கோடைகளிலும் அனல்காற்று நாட்களில் மதியத்தில் சில மணி நேரம் குன்றை மூடினார்கள். பெரிய பைகளை உள்ளே விட மாட்டார்கள். பலர் நடந்து தேய்ந்த பளிங்குக் கல் கண்ணாடிபோல் வழுக்கும். செருப்பு வேண்டாம், அடி பிடிக்கும் ரப்பர் ஷூ போட்டுவிடுங்கள். நடக்கவே சிரமப்படுபவர்களுக்கு 2020 டிசம்பர் முதல் ஒரு லிஃப்ட் இயங்குகிறது. முன்கூட்டியே கேட்டு, அன்று அது ஓடுகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

மேலே ஏற முடியாத பெற்றோர் என்றால் வருத்தப்படத் தேவையில்லை. கீழே இருக்கும் அக்ரோபோலிஸ் அருங்காட்சியகம் 2009-இல் திறந்தது. முழுக்கக் குளிரூட்டியது, சக்கர நாற்காலி எங்கும் போகும். அதன் மேல்தளம் பார்த்தெனான் கோயில் இருக்கும் அதே திசையில் திருப்பிக் கட்டப்பட்டது. கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் கோயில், இந்தப் பக்கம் அதன் சிற்பங்கள். குன்றில் உள்ள வேறொரு கோயிலின் கூரையைத் தலையில் தாங்கிய ஆறு பெண் சிலைகளில் ஐந்து இங்கே நிற்கின்றன; ஒன்று லண்டனில் இருக்கிறது. என் அப்பா அந்த ஐந்துக்கும் எதிரே அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார். ஆறாவதற்கு விட்ட இடத்தைத்தான் அவர் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

இனிக் காற்று. கோடையில், முக்கியமாக ஜூலையிலும் ஆகஸ்டிலும், ஏஜியன் கடலில் வடக்கிலிருந்து வீசும் காற்றுக்கு 'மெல்டெமி' என்று பெயர். மழையோ இடியோ இல்லாமல், பளீரென்ற வெயிலிலேயே வரும். பொஃபோர்ட் அளவில் காற்று எட்டை எட்டினால் பொதுவாகக் கப்பல் புறப்படத் தடை போடுவார்கள். வேகக் கப்பல்களுக்கு அதற்கு முன்பே தடை வரும். துறைமுகத்தில் 'அபகொரெஃப்திகோ' என்ற சொல் காதில் விழுந்தால் அதுதான் தடை. அதிகாரியிடம் வாதாடிப் பயனில்லை. டிக்கெட் பணம் திரும்பக் கிடைக்கும் அல்லது அடுத்த கப்பலில் இடம் தருவார்கள். கூடுதல் இரவுகளின் அறை வாடகையும் தவறிய விமானமும் உங்கள் செலவு.

ஆகவே மூன்று விதிகள். முதலாவது, தீவிலிருந்து திரும்பும் நாளிலேயே ஊருக்கு விமானம் வைக்காதீர்கள். நடுவில் குறைந்தது ஒரு முழு நாள் ஏதென்ஸில் இருக்கட்டும். தீவை முதலில் பார்த்துவிட்டு ஏதென்ஸைக் கடைசியில் வைத்தால் இது தானாக அமையும். இரண்டாவது, வேகக் கப்பலைவிடப் பெரிய சாதாரணக் கப்பலைத் தேர்ந்தெடுங்கள். ஏதென்ஸின் பிரேயஸ் துறைமுகத்திலிருந்து சாந்தோரினிக்கு வேகக் கப்பலில் ஏறக்குறைய 5 மணி நேரம், பெரிய கப்பலில் 8 மணி நேரம். மூன்று மணி கூடினாலும் ஆட்டம் குறைவு, எழுந்து நடக்கலாம், தளத்தில் காற்றாட உட்காரலாம். மூன்றாவது, பிரேயஸ் மிகப் பெரிய துறைமுகம். எந்த வாயில் எண்ணிலிருந்து கப்பல் என்று முந்தின நாளே பார்த்துவிடுங்கள். வாயில்களுக்கிடையே நடக்கும் தூரம் பெரியவர்களைக் களைக்க வைத்துவிடும்.

எந்தத் தீவு? படத்தில் பார்த்த சாந்தோரினிதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும். அது எரிமலை வாயின் விளிம்பில் தொங்கும் ஊர். பழைய துறைமுகத்திலிருந்து ஃபிரா நகருக்கு 588 படிகள். கேபிள் காரும் உண்டு, அதற்கும் நீண்ட வரிசை. விடுதிகளுக்குள்ளேயே படி ஏறி, படி இறங்கித்தான் அறைக்குப் போக வேண்டியிருக்கும். முழங்கால் வலியுள்ள அம்மாவுக்கு அது நல்ல இடம் இல்லை. போயே ஆக வேண்டும் என்றால், அறைக்கு எத்தனை படி என்று விடுதிக்கு எழுதிக் கேட்டு, எண்ணிக்கையைப் பதிலாக வாங்கிய பிறகு பணம் கட்டுங்கள்.

என்னைக் கேட்டால் ஏஜினா போங்கள். பிரேயஸிலிருந்து சாதாரணக் கப்பலிலேயே ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம்தான். கரைக்கு அருகில் இருப்பதால் நடுக்கடல் தீவுகளை மறிக்கும் அளவுக்குக் காற்று அதை மறிப்பதில்லை. பைன் மரங்களுக்கு நடுவே அஃபாயா தேவியின் 2,500 ஆண்டுப் பழைய கோயில் நிற்கிறது. கோயிலுக்கு அருகில் வரை வண்டி போகும். துறைமுகக் கடைகளில் அந்தத் தீவின் பிஸ்தா பருப்பு விற்பார்கள். தரைவழியாகப் போவதென்றால் நாஃப்லியோ நகரம். விடுதலை பெற்ற கிரீஸின் தலைநகராக 1834 வரை இருந்த ஊர், கடலோரம் சமதளமாக நடக்கலாம். மெத்தியோராவின் பாறை உச்சி மடங்களில் புனித ஸ்டீஃபன் மடத்துக்கு மட்டும் சிறிய பாலம் ஒன்றைக் கடந்தாலே போதும், மலைப்படி ஏற வேண்டாம். ஒவ்வொரு மடமும் வாரத்தில் வெவ்வேறு நாள் மூடும் என்பதால் கேட்டுவிட்டுப் போங்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும்; பெண்கள் பாவாடை அணிவது அங்கே வழக்கம் என்பதால் சேலை கட்டிய அம்மாவுக்குத் தயக்கமே வேண்டாம்.

சாப்பாட்டைப் பற்றித்தான் நம் வீட்டுப் பெரியவர்களுக்குக் கவலை அதிகம். அது தேவையற்ற கவலை. ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களுக்கு ஆண்டில் பல வாரங்கள் நோன்பு உண்டு. இறைச்சி, பால், முட்டை சேராத அந்த நோன்புச் சாப்பாட்டுக்கு 'நிஸ்தீசிமோ' என்று பெயர். இந்தச் சொல்லைச் சொன்னால் சமையற்காரருக்கு உடனே புரியும். ஒரே ஒரு எச்சரிக்கை: அவர்கள் நோன்பில் கணவாயும் இறாலும் கூடும். அதனால் 'ஹோரிஸ் க்ரேயாஸ், ஹோரிஸ் ப்ஸாரி', அதாவது இறைச்சி இல்லாமல், மீன் இல்லாமல் என்று சொல்லிவிட்டு, கடல் உணவு எதுவும் சேருகிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

'ஃபாவா' என்பது மஞ்சள் பருப்பை வேகவைத்து மசித்து, எண்ணெயும் வெங்காயமும் போட்டது. முதல் வாயிலேயே அம்மா 'பருப்பு மசியல்' என்றார். 'ஹோர்த்தா' என்பது எலுமிச்சை பிழிந்த வேகவைத்த கீரை. 'யீகாந்தெஸ்' தக்காளிச் சாற்றில் வெந்த பெரிய மொச்சை போன்ற அவரை. 'யெமிஸ்தா' தக்காளிக்கும் குடைமிளகாய்க்கும் உள்ளே சோறு அடைத்தது; இறைச்சி சேர்த்தும் செய்வார்கள் என்பதால் கேட்டு வாங்குங்கள். கெட்டித் தயிர் எங்கும் கிடைக்கும். காரம் மட்டும் இருக்காது. பருப்புப் பொடியும் ஊறுகாயும் பெட்டியில் வையுங்கள். நெய், பால்கோவா போன்ற பால் பொருள்களையும் இறைச்சியையும் வெளியிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகத் தடை இருக்கிறது. பச்சைக் கறிவேப்பிலைக்கும் மாம்பழத்துக்கும் தாவர நலச் சான்று கேட்பார்கள். அவற்றை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

குடிநீர்: ஏதென்ஸில் குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம், சாந்தோரினி போன்ற பல தீவுகளில் குடிக்கக் கூடாது. பெட்டிக்கடைகளில் அரை லிட்டர் பாட்டில் தண்ணீருக்கு 50 சென்ட் என்று அரசே உச்சவிலை வைத்திருக்கிறது. ஆளுக்கொரு பாட்டில் கையில் இல்லாமல் அறையை விட்டு இறங்காதீர்கள்.

கூச்சப்படாமல் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பெரியவர்கள் இதை வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். அங்கே கழிவறையில் தண்ணீர்க் குழாய் இருக்காது, காகிதம்தான். அந்தக் காகிதத்தையும் பெரும்பாலான இடங்களில் உள்ளே போடக் கூடாது. கழிவுக் குழாய்கள் குறுகலானவை, அடைத்துக்கொள்ளும். பக்கத்திலிருக்கும் கூடையில்தான் போட வேண்டும். ஒரு சிறிய குவளையோ காலிப் பாட்டிலோ எப்போதும் கைப்பையில் இருக்கட்டும். என் அம்மா இரண்டு நாள் சங்கடப்பட்ட பிறகுதான் எனக்கே இது தெரிந்தது.

விசாவைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஷெங்கன் விசாவுக்குப் பயண நாளுக்கு ஆறு மாதம் முன்னதாகவே விண்ணப்பிக்கலாம். கடைசிக் கெடு 15 நாள். கோடையில் நேரம் கிடைப்பது கடினம் என்பதால் மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள். கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ. பாஸ்போர்ட் பத்தாண்டுக்குள் வழங்கப்பட்டதாக, திரும்பிய பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாவதாக, இரண்டு பக்கம் காலியாக இருக்க வேண்டும். பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. அந்தக் காப்பீடு, ஏற்கெனவே உள்ள சர்க்கரை, இதய நோய்களுக்கும் செல்லுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விமான டிக்கெட் எடுக்கும்போதே பெற்றோருக்குச் சக்கர நாற்காலி உதவி கேட்டுவிடுங்கள். 2025 அக்டோபரில் தொடங்கிய கைரேகை, முகப்படப் பதிவால் குடியேற்ற வரிசைகள் நீள்கின்றன.

விமான நிலையத்திலிருந்து ஏதென்ஸ் நகர மையத்துக்கு டாக்சிக் கட்டணம் நிர்ணயமானது. 2025-இல் பகலில் 40 யூரோ, நள்ளிரவிலிருந்து அதிகாலை 5 வரை 55 யூரோ. மெட்ரோ 9 யூரோதான். ஆனாலும் பெட்டியும் பெற்றோருமாக முதல் நாள் டாக்சியே நல்லது. பின்னர் மெட்ரோவில் போகும்போது, கூட்டத்தில் பணப்பை திருடுபவர்கள் உண்டு என்பதால் அம்மாவின் நகைகளை ஊரிலேயே வைத்துவிட்டு வாருங்கள். வாடகை ஸ்கூட்டர் வேண்டாம். கார் ஓட்டுவதென்றால் சர்வதேச ஓட்டுநர் அனுமதி தேவை, வண்டிகள் வலப்பக்கம் ஓடும்.

அவசரத்துக்கு 112. ஆம்புலன்ஸுக்கு நேராக 166. காட்டுத்தீ வந்தால் கைபேசியே பெரும் சத்தத்தோடு எச்சரிக்கும். கிரேக்கத்தோடு ஆங்கிலத்திலும் செய்தி வரும். 2023 ஜூலையில் ரோட்ஸ் தீவில் சுமார் 19,000 பேரைத் தீயிலிருந்து வெளியேற்றினார்கள். அந்தச் செய்தி வந்தால் பெட்டியைத் தேடாதீர்கள். பாஸ்போர்ட், மாத்திரைப் பை, பெற்றோர் கை, இந்த மூன்றோடு உடனே கிளம்புங்கள். மாத்திரைகளை ஐந்து நாளுக்குக் கூடுதலாகக் கைப்பையில் வையுங்கள். மருந்தின் மூலப்பெயர் எழுதிய மருத்துவர் சீட்டும் உடன் இருக்கட்டும். கோடீன் கலந்த வலி மாத்திரைகளுக்கு அங்கே கட்டுப்பாடு உண்டு. சீட்டில்லாமல் எடுத்துப் போகாதீர்கள்.

மொழி பெரிய தடை இல்லை. இரண்டு சொற்களில் மட்டும் கவனம் வேண்டும். 'நே' என்றால் ஆம். 'ஓஹி' என்றால் இல்லை. நம் காதுக்கு அது 'ஓகே' போல விழும். ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையை எதிராளி முகத்துக்கு நேரே காட்டுவது அங்கே கடும் அவமதிப்பு, 'மூத்ஸா' என்பார்கள். 'அஞ்சு குடுங்க' என்று அப்பா கடையில் கையை விரித்துக் காட்டிவிடப் போகிறார், முன்பே சொல்லிவையுங்கள். காலையில் 'கலிமேரா', நன்றிக்கு 'எஃப்ஹரிஸ்தோ'. இந்த இரண்டையும் பெற்றோருக்குக் கற்றுக்கொடுங்கள். என் அம்மா 'எஃப்ஹரிஸ்தோ' சொன்ன ஒவ்வொரு கடையிலும் எதிரில் நின்றவர் முகம் மலர்ந்தது.

நக்ஸோஸில் காற்றில் மாட்டிக்கொண்ட அந்த இரண்டு நாளைப் பற்றி அம்மா இன்றும் பேசுகிறார். விமானம் போனதை அவர் சொல்வதில்லை. துறைமுகத் திண்ணையில் எங்கள் மூவருக்கும் வேறு வேலையே இல்லாமல் இருந்ததைச் சொல்கிறார். அப்பா தன் சிறுவயதைப் பற்றி அவ்வளவு நேரம் பேசி நான் கேட்டது அங்கேதான். அதற்கு ஒரு விபத்து தேவைப்பட்டிருக்க வேண்டாம். நானே திட்டத்தில் ஒரு நாளைக் காலியாக விட்டிருக்கலாம்.

நீங்கள் விடுங்கள். இன்று இரவே திட்டத்தை எடுத்து வைத்து, ஒரு தீவை அடித்துவிடுங்கள். மதியங்களில் எழுதியிருப்பதை அழியுங்கள். கடைசி நாளுக்கு முந்தைய நாளில் எதையும் எழுதாதீர்கள். நாளை காலை மருந்துக் கடைக்குப் போய், ஐந்து நாள் மாத்திரை கூடுதலாக வாங்கி வாருங்கள்.

நலமாகப் போய் வாருங்கள்.

அன்புடன்,
உங்களைப் போல் ஒரு மகள்